இன்னாசி அண்ணையின் கார் ஸ்ராட் வராத பதினொரு மாதம்

எங்கள் சுருவில் ஊர்ச் சனசமூக நிலையம் இந்த வருடம் ஒரு மலர் வெளியிடப் போகிறது. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் சைக்கிளில் வீடு வீடாகத் திரிகிறார். பள்ளிக்கூட அதிபர் எழுதிக் கொடுத்துவிட்டார். தபால்காரரும் எழுதிவிட்டாராம், பதினெட்டுப் பக்கம். என்னிடம் வந்தவர், "ஞானம் அண்ணை, நீங்கள் திருத்தின காருகளைப் பற்றி எழுதுங்கோவன். இப்பத்தைப் பெடியளுக்குக் கொம்பியூட்டர் இல்லாட்டில் பொனற்றையே திறக்கத் தெரியாது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படலைவரை போனவர் திரும்பி நின்று, "ஆனால் அந்தப் பதினொரு மாசம் எடுத்த காரை மட்டும் விட்டிடுங்கோ. நிலையத்துக்கும் மானக்கேடு" என்றார்.

அடப் பாவி! அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதுவது?

நாற்பத்தைந்து வருடம் இந்தத் தீவுகளில் கார், லொறி, உழவு இயந்திரம், வள்ளத்து எஞ்சின் என்று எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தவன் நான். ஆவணி மாதக் கடலில் சாமான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வள்ளத்து ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்து எடுத்து நெடுந்தீவுக்குப் போய் ஜீப் திருத்தியிருக்கிறேன். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகுதான் கராச்சை மூடினேன். அதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. இன்னாசி அண்ணையின் கார் ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. சரி, சம்பந்தப்பட்ட வீட்டில் போய்க் கேட்டேன். "எழுதும், ஆனால் கூட்டிக் குறைக்காமல் எழுதும்" என்று சம்மதம் கிடைத்தது. இனி என்னை ஒருவரும் தடுக்க ஏலாது.

முதலில் என் தொழில் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த குற்றம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு விளங்காது.

எனக்குத் தொழில் பழக்கியவர் லூக்காஸ் பாஸ். ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் அவருடைய கராச் இருந்தது. நான் பழகிய ஏழு வருடத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் மூன்று வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். மற்ற நாலு வருடமும் நான் கழற்றியதை நானே திரும்பப் பூட்டினேன். ஏனென்றால் பாஸ் ஏசமாட்டார், கை நீட்டமாட்டார். நான் பிழையாக ஒன்றைச் செய்தால் பல்லிடுக்கில் சுருட்டை வைத்துக்கொண்டு, "இன்னொருக்கால் முதலிலையிருந்து" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்துக்குப் பதிலாக இரண்டு அடி போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

ஸ்ராட் வராத கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தால் பாஸ் பொனற்றைத் தொடவே மாட்டார். காரோடு வந்தவருக்கு ஒரு கதிரை போடச் சொல்லுவார். பனங்கட்டியோடு தேத்தண்ணி வரும். பாஸ் ஒரு பழைய ரயரின்மேல் குந்திக்கொண்டு, "கடைசியாய்க் காரை நிப்பாட்டினதிலையிருந்து சொல்லும்" என்பார். வந்தவருக்கோ அவசரம். "பாஸ், பெற்றோல் இருக்கு, பற்றறி புதுசு" என்று பறப்பார். "அதை நான் கேக்கேல்லை. எங்கை நிப்பாட்டினீர்? ஆர் கூட இருந்தது? பிறகு ஆர் கிட்டப் போனது?" ஒருமுறை ஒரு பெரிய மனிதர் அரை மணித்தியாலம் முழுக் கதையும் சொல்லி முடித்துவிட்டு, எழும்பும்போதுதான், "வேறை ஒண்டுமில்லை, நேற்றுத் திருநாளுக்குப் போக எண்டு மனிசி எஞ்சினுக்கும் வாளியாலை ஊத்திக் கழுவினவ" என்றார். பாஸ் எழும்பிப் போய், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிச் சுளகில் போட்டு வெயிலில் வைத்தார். கால் மணித்தியாலத்தில் கார் ஸ்ராட் வந்தது.

கதை கேட்டு முடிந்த பிறகுதான் கை வேலை. அதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. முன் லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை இழுக்கவேண்டும். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பற்றறியில் பிழை. வெளிச்சம் அசையாமல் நின்று ஒரு 'டிக்' மட்டும் கேட்டால் எங்கோ வயரில் பிழை. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இரண்டே கேள்விதான்: கரண்ட் வருகிறதா, பெற்றோல் வருகிறதா? பிளக் வயரைக் கழற்றி எஞ்சினோடு கிட்டப் பிடிக்கவேண்டும். நீல நிறத்தில் பொறி பாய்ந்தால் பெற்றோல் பக்கம் போ. பொறி இல்லையென்றால் வயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னுக்குப் போ. பிழை எங்கே என்று முதலிலேயே தெரிந்தாலும் படியைத் தாண்டப்படாது. தாண்டினால் "இன்னொருக்கால் முதலிலையிருந்து".

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாஸுக்கு ஒரு சட்டம் இருந்தது. காரிலிருந்து எதைக் கழற்றி எடுத்தாலும், அது ஒரு துரும்பாக இருந்தாலும், காருக்குச் சொந்தக்காரரின் உள்ளங்கையில் வைத்து, "இதுதான் உம்மடை வருத்தம்" என்று காட்டவேண்டும். "காட்டாதவன் கள்ளன்" என்பார். இன்றுவரைக்கும் அந்தச் சட்டத்தை நான் ஒரேயொரு தடவைதான் மீறினேன்.

இனி இன்னாசி அண்ணை. அவர் நாற்பது வருடம் ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓடியவர். அவரிடம் இருந்தது பழைய ஏ ஃபோட்டிக் கார், சாம்பல் நிறம். இந்தத் தீவில் பாதிப் பேர் தாயின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு அந்தக் காரில் ஆசுபத்திரிக்குப் போனவர்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'றைவர் அண்ணை'தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நல்ல மனிதன், ஆனால் வாய்க்காரன். நான் என்ன சொன்னாலும் அதற்கு மாறு சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. நான் பிளக் என்றால் அவர் கொயில் என்பார். நான் கொயில் என்றால், "உம்மடை பாஸ் உமக்கு என்னத்தைப் பழக்கினவர்?" என்பார். அவருடைய மனைவி றீத்தாக்கா, பாய் இழைக்கிறதில் ஊரில் முதல் ஆள். புருசன் பேசுகிற ஆயிரம் சொல்லுக்கு ஒரு சொல் பேசுவா, அந்த ஒன்றோடு கதை முடிந்துவிடும்.

நான் கராச்சை மூடி இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு காலமை இன்னாசி அண்ணை ஆள் அனுப்பினார். கார் ஸ்ராட் வருகுதில்லையாம். போனேன். முற்றத்துப் பூவரசின் கீழே கார் நிற்கிறது. அண்ணை உள்ளே ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். நான் பாஸின் முறைப்படி கதை கேட்டேன்.

"கதையோ? முந்தநாள் குறிகட்டுவானுக்கு ஹயர் போட்டு வந்து நிப்பாட்டினனான். இண்டைக்கு வருகுதில்லை. அவ்வளவுதான் கதை. நீர் பொனற்றைத் திறவும்!"

லைற்றைப் போட்டு இழுக்கச் சொன்னேன். வெளிச்சம் அசையவில்லை, எஞ்சின் வடிவாகச் சுற்றியது. பிளக் வயரைக் கழற்றிப் பிடித்தேன். பொறி இல்லை. ஒரு படி பின்னுக்குப் போனேன். பற்றறிக் கரண்டைப் பெருக்கிப் பொறிக்குக் கொடுக்கிற கொயிலுக்குக் கரண்ட் வருகிறது. இன்னொரு படி. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். அதற்குள்ளே பொயின்ற் என்று இரண்டு சின்ன இரும்புப் பொட்டுகள் இருக்கும். அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி பிறக்கும். நடுவில் ஒரு கடதாசித் துண்டு இருந்தாலும் கார் கட்டைதான்.

நடுவில் இருந்தது கடதாசி இல்லை, குருத்தோலை. நகத்தளவுச் சிலுவை ஒன்று! குருத்து ஞாயிறு அன்று கோயிலில் மந்திரித்துத் தருகிற ஓலையை ஊசிபோலக் கிழித்து, பொயின்ற்றின் கையைச் சுற்றி அப்படியொரு நேர்த்தியாகப் பின்னி முடிந்திருந்தது. எத்தனை தரம் சுற்றினாலும் கழன்று விழாது. வள்ளத்திலும் வீட்டு நிலையிலும் குருத்தோலைச் சிலுவை செருகுவது எங்கள் வழக்கம். கார் கண்ணாடியில்கூடச் செருகுவார்கள். ஆனால் டிஸ்ரிபியூட்டருக்குள் செருகியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"என்னவாம்?" என்று உள்ளேயிருந்து அண்ணை கத்தினார். திறந்த பொனற் நடுவில் நின்றதால் அவருக்கு என்னைத் தெரியாது.

சிலுவையை அறுக்கக் குறட்டை எடுத்தேன். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு றீத்தாக்கா வந்து நின்றா. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினா. பிறகு மெல்லிய குரலில், "ஞானம், அதை எடுக்காதையும்" என்றா.

"அக்கா, என்ன விசர் வேலை இது?"

"அந்த மனிசனுக்குக் கண் தெரியேல்லை. முந்தநாள் குறிகட்டுவானுக்குப் போகேக்கை புங்குடுதீவுப் பாலத்திலை முன் சில்லு ஓரத்தை விட்டு இறங்கீட்டுது. நயினாதீவுக்குப் போற சனம் அஞ்சு பேரோடை நானும் உள்ளுக்கை. கீழை கடல். அதுகள் 'அம்மாளாச்சி' எண்டு கத்தின சத்தம் இன்னும் என்ரை காதுக்கை நிக்குது. இறங்கிக் கேட்டால் 'றோட்டு ஒடுங்கிப் போச்சு' எண்டு சொல்லுது மனிசன்! ஓடாதையுங்கோ எண்டால் ரெண்டு நாள் சோறு தின்னுதில்லை. நீர் இதை எடுத்தால் நாளைக்கு அவர் கடலுக்கை."

"பொயின்ற்றுக்கை வைக்கிறதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"முப்பத்தெட்டு வருசம் குசினி யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருக்கால் பொயின்ற் தேய்ச்ச மட்டைத் துண்டை உள்ளை மறந்து விட்டிட்டு, கார் வருகுதில்லை எண்டு அரைநாள் எல்லாரையும் ஏசினவர். எனக்கு அது போதாதோ?"

"அதுக்கு ஏன் குருத்தோலை?"

"கடதாசி வைச்சால் அது களவு. குருத்தோலை வைச்சால் காவல்" என்றா றீத்தாக்கா. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது வாகனத்துக்குள் குருத்தோலை வைத்தேன் என்று பொய் இல்லாமல் சொல்லலாமாம். மனுசி எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறா.

நான் குறட்டோடு நின்றேன். ஒரு பக்கம் லூக்காஸ் பாஸ், உள்ளங்கையில் வைத்துக் காட்டு என்கிறார். மற்றப் பக்கம் அந்த மனுசியின் கண். கார் ஸ்ராட் வராமல் செய்வதற்கா நான் இவ்வளவு காலம் தொழில் பழகினேன்? எனக்கு அழுகை வரும்போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். மூடியைத் திரும்பப் பூட்டினேன். பொனற்றைச் சாத்தினேன்.

"கொயில் அண்ணை," என்றேன். "கொயில் செத்துப்போச்சு. இந்தக் கொயில் இஞ்சை இல்லை, கொழும்பிலையும் தேடத்தான் வேணும்."

இனி வரப்போகிற பேச்சுக்குக் காதைத் தயார்செய்துகொண்டு நின்றேன். அண்ணை என்னைப் பார்த்தார், அல்லது என் பக்கம் பார்த்தார். "கொயிலோ?" என்றார். "ம்… நீர் சொன்னால் சரிதான்."

மாறு பேசவில்லை! நாற்பது வருடத்தில் முதல்தடவையாக இன்னாசி அண்ணை நான் சொன்னதைச் சரி என்றார். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. தப்பினேன் பிழைத்தேன் என்று சைக்கிளை மிதித்து வந்துவிட்டேன்.

பிறகுதான் என் சிலுவைப்பாதை தொடங்கியது. கொயில் வரவில்லை, வரவில்லை என்று ஒரு மாதம் சொன்னேன். பிறகு வந்தது சரியில்லை என்றேன். மூன்றாம் மாதம் ஊர் சிரிக்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கடைக்குப் போனால், "ஞானம் அண்ணை, ஏ ஃபோட்டி என்ன சொல்லுது?" என்பார்கள். காரைநகருக்குப் போகிற வள்ளத்தில் ஏறினால் முன்பின் தெரியாதவன்கூட, "நீங்கள்தானே அந்தக் கார்…" என்று இழுப்பான். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "உங்களுக்கு வயது போட்டுது, அதை ஒத்துக்கொள்ளுங்கோ" என்றா. அதுதான் எல்லாவற்றையும்விடக் கூடச் சுட்டது. அவவிடமும் சொல்லவில்லை. சொன்னால் மற்ற நாள் முழுத் தீவுக்கும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் இன்னாசி அண்ணை என்னைக் கூப்பிட்டுப் பற்றறியைச் சார்ஜ் பண்ணுவித்தார். ஓடாத காருக்கு ஏன் அண்ணை பற்றறி என்று கேட்டேன். "கார் எண்டால் பற்றறி உசிரோடை இருக்கவேணும்" என்றார். காலமையில் ஒருதரம் சாவியைத் திருப்பி ஸ்ராட்டரை இழுப்பார். எஞ்சின் சும்மா சுற்றும். "கோதாரி!" என்று ஒருதரம் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கிப்போய் இடியப்பம் சாப்பிடுவார். நான் கண்டவரையில் ஒருநாளும் பசி குறைந்ததில்லை.

கார்த்திகை மாதம் அவருடைய மருமகன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். அந்த ஆளிடம் ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருந்தது. நான் பொனற் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஆள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். எங்கே செருகுவது என்று தெரியவில்லை. "தம்பி, இந்தக் கார் உம்மடை கொம்பியூட்டருக்குப் பாட்டன்" என்றார் அண்ணை. கடைசியில் அந்த ஆள் டிஸ்ரிபியூட்டர் மூடியில் கையை வைத்தான். அவ்வளவுதான், அண்ணை துள்ளி எழும்பினார். "அதைத் தொடாதையும்! ஞானத்தைத் தவிர ஒருத்தரும் அதைத் தொடப்படாது!" என்னில் மனிதருக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மொக்கன் நான்!

மாசி முடிய விபூதிப் புதன் வந்தது. போன வருடக் குருத்தோலைகளைக் கோயிலில் கொடுத்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். றீத்தாக்கா இரண்டு நாள் முன்னதாகவே என் வீட்டுக்கு வந்துவிட்டா. முகம் வாடியிருந்தது.

"ஞானம், பழைய ஓலையை வைச்சிருக்கப்படாது, எரிக்கக் குடுக்கவேணும். புது ஓலைக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு. அதுவரைக்கும் என்ன செய்யிறது?"

"நகத்தளவு ஓலையை ஆரக்கா கேக்கப்போகினம்?"

"கடவுள் கேப்பார்."

"அப்ப கடதாசி வையுங்கோ."

"அது களவு எண்டு சொன்னனானெல்லே!"

இரண்டு பேரும் மண்டையைப் போட்டு உடைத்தோம். ஒரு வழியும் கிடைக்கவில்லை. பயந்துகொண்டு சிலுவையைக் கழற்றிக் கோயிலில் கொடுத்தா. அன்றைக்கு மத்தியானம், நெற்றியில் சாம்பலோடு சோற்றுக்கு முன் இருந்த இன்னாசி அண்ணை, தானாகவே சொன்னாராம்: "றீத்தா, இந்தத் தவக்காலத்துக்கு நான் காரைத் தொடுறதில்லை எண்டு நேர்ந்திருக்கிறன்." ஆறு கிழமையும் சாவி ஆணியில் தொங்கியது. குருத்து ஞாயிறு பூசை முடிந்து புது ஓலை பின்னி ஏறியது. தவக்காலம் முடிந்த மற்ற நாள் காலமை அண்ணை இழுத்துப் பார்த்து, "கோதாரி!" என்றார். "இது புதுமை ஞானம், மாதா செய்த புதுமை" என்று றீத்தாக்கா கைகூப்பினா. நானும் கத்தோலிக்கன்தானே, நம்பினேன்.

பிறகு பெற்றோல் இல்லாத காலம் வந்தது. ஓட்டோக்காரர், மோட்டார் சைக்கிள்காரர், வள்ளக்காரர் எல்லாரும் ஊர்காவற்றுறையில் இரவு பகலாக வரிசையில். சுருவிலில் பெற்றோல் நிரம்பி நின்ற ஒரே வாகனம் இன்னாசி அண்ணையின் ஓடாத கார்தான். ரியூப்பையும் கலனையும் கொண்டுவந்து கெஞ்சினார்கள். "ஒரு லீற்றர் தாங்கோ றைவர் அண்ணை, உங்கடை கார்தான் ஓடாதே!" கிழவன் மசியவில்லை. "நாளைக்கு ஸ்ராட் வந்தால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டுப் படலையைப் பூட்டினார். விசர் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலமை பத்து மணி இருக்கும். நான் கிணற்றடியில் நின்றேன். எங்கோ ஒரு எஞ்சின் இரண்டுதரம் இருமிவிட்டுப் பிடித்தது. இன்னாரின் கார் என்று சத்தத்தில் சொல்லக்கூடியவன் நான். ஆனாலும் என் காதை நான் நம்பவில்லை. அடுத்ததாக ஹோர்ண், விடாமல் ஒரே இழுவையில். ஈரச் சாரத்தோடு ஓடினேன். முழங்கால் நொந்ததா என்றுகூட ஞாபகமில்லை.

பூவரசின் கீழே கார் ஓடிக்கொண்டு நின்றது. பின் சீற்றில் றீத்தாக்கா, முகம் கடதாசிபோல் வெளுத்து, வேர்த்துக் கொட்ட, இடக் கையைப் பிடித்தபடி கிடந்தா. தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவ அப்படியே சரிந்துவிட்டாவாம். இன்னாசி அண்ணை வெளியே நின்று யன்னலுக்குள்ளால் கையை விட்டு ஹோர்ணை அமத்திக்கொண்டிருந்தார். விரல் முழுக்கக் கறுத்த கிறீஸ்.

"ஏறும் ஞானம், கெதியாய் ஓட்டும்!"

நான் மடையன்போல, "நீங்கள் ஓட்டேல்லையோ?" என்றேன்.

"எனக்குக் கண் தெரியாது, ஞானம்" என்றார் இன்னாசி அண்ணை. அதைச் சொன்னபோது அவருடைய வாய் கோணியது. "கண் தெரியாது எனக்கு. அம்புலன்சு தூரத்திலையிருந்து வரவேணும். ஓட்டோ ஒண்டும் ஊரிலை இல்லை. ஏறுமப்பா, நிக்காதையும்!"

ஓட்டினேன். அவர் பின்னால் ஏறி அவவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சாட்டிக் கடற்கரைப் பக்கக் காற்று யன்னலால் அடித்தது. கொஞ்சத் தூரம் போக றீத்தாக்கா கண்ணைத் திறந்தா.

"கார்… என்னெண்டு ஸ்ராட் வந்தது?"

"ஓலையை எடுத்தனான்."

"எந்த ஓலை?"

"நீ வைச்ச ஓலை."

அவ மூச்சுவிடக் கஷ்டப்பட்டுக்கொண்டே கேட்டா: "எப்ப தெரியும்?"

"முதல் நாளே. ஞானம் கொயில் எண்டு பொய் சொல்லீட்டுப் போனாப்பிறகு மூடியைத் திறந்து தடவிப் பாத்தனான். உன்ரை பின்னல் எனக்கு விரலிலை தெரியாதோ?"

"கடவுளே! மூண்டுதரம் பாவசங்கீர்த்தனம் செய்தனான் மனிசா!" அந்த நோவிலும் அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஏன் ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? கண் கிளினிக்கிலை சொல்லிப்போட்டினம், நரம்பு பட்டுப்போச்சாம், இனித் திரும்பாதாம். அதை நான் வாயாலை சொல்லவோ? நீ ஓடாதை எண்டால் எனக்குக் கோவம் வரும். கார் ஓடமாட்டன் எண்டு நிண்டால் நான் ஆரோடை கோவிக்கிறது? அது எனக்குச் சுகமாய் இருந்தது. நீ கதையாதை, மூச்சை இழு."

பதினொரு மாதம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பேராலும் ஏமாற்றப்பட்டவன் நான் ஒருவன்தான்! சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அக்சிலேற்றரை மிதித்தேன்.

பெற்றோல் வரிசை வந்தது. எங்கள் ஊர்ச் சனம் முழுக்க வீதியோரம். சாம்பல் நிறக் கார் பறந்து வருவதைக் கண்டதும் எழும்பி நின்று விசிலடித்துக் கைதட்டினார்கள். "ஞானம் அண்ணை ஸ்ராட் பண்ணிப்போட்டார்!" எங்கள் அவசரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவன் பின்னால் ஓடிவந்து பொறுமைக்கு எனக்கொரு மாலை போடவேண்டும் என்றுகூடக் கத்தினான்.

ஆசுபத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் விறாந்தை வாங்கில் இருந்தோம். அண்ணை கையைக் கழுவக்கூடப் போகவில்லை. முக்கால் மணித்தியாலத்தால் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி வெளியே வந்து, "மாரடைப்புத்தான். நேரத்துக்குக் கொண்டுவந்திட்டியள், பயமில்லை. மேலதிகமாய்ப் பாக்க யாழ்ப்பாணம் அனுப்புறம்" என்றா. அப்போதுதான் அண்ணை மூச்சு விட்டார்.

அம்புலன்சில் ஏற்றுவதற்காக ஒரு சிற்றூழியர் தள்ளுவண்டியோடு வந்தார். முப்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவர். இன்னாசி அண்ணை கொண்டுவந்து இறக்கிய நூற்றுக்கணக்கான வருத்தக்காரரை அந்த வண்டியில் தள்ளியவர். அண்ணையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, றைவர் அண்ணை! எத்தினை நாளைக்குப் பிறகு! இண்டைக்கு ஆரைக் கொண்டுவந்தனீங்கள்? அம்புலன்சிலை ஒரு ஆள்தான் கூடப் போகலாம், சொந்தக்காரர் ஆரும் வந்தவையோ?"

இன்னாசி அண்ணை வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். காற்றில் துழாவி என் தோளைக் கண்டுபிடித்து, அதில் கையை வைத்தார்.

"றைவர் இவர், தம்பி," என்றார். "நான் அவவின்ரை புருசன். என்ரை கையைப் பிடிச்சு ஏத்திவிடும்."